எழுத மறுத்த பேனை

கோயிலிலே கண்ணீர் மல்க நின்று மன்றாடிய ஒருவன், தன் கடைக்குத் திரும்பியதும் தராசுத் தட்டைச் சிறிது தாழ்த்திப் பிடிப்பதை உலகம் தொன்றுதொட்டுக் கண்டுவருகின்றது. அவன் மன்றாட்டு பொய்யன்று. அவன் தராசோ மெய்யன்று. இவ்விரண்டும் ஒரே மனிதனிடத்து எவ்வாறு ஒருங்கு வாழ்கின்றன என்பது சமய வாழ்வின் பழைய வினாக்களுள் ஒன்று. மனிதன் ஈடேற்றம் பெறுவது கடவுளின் கிருபையினாலா, தன் நற்செயல்களினாலா என்னும் வாதத்தினால் 16 ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பியத் திருச்சபையே பிளவுண்டது. அறிஞர் பலர் அதுபற்றிப் பெருநூல்கள் இயற்றினர். கடைமேசையிலும் கணக்கேட்டிலும் அவ்வினாவுக்கு விடை தேடியவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், 18 ஆம் நூற்றாண்டிலே அமெரிக்கக் குடியேற்ற நாட்டில் வாழ்ந்த ஜோன் வுல்மன் என்னும் தையற்காரர். அவர் குருவானவர் அல்லர். உயர்கல்வி பெற்றவரும் அல்லர். அரச பதவி எதுவும் வகித்தவரும் அல்லர். எனினும், அடிமை ஒழிப்பு வரலாற்றிலே அவருக்கென ஓர் இடம் உண்டு.

நியூ ஜேர்சி அக்காலத்திலே பிரித்தானியாவின் குடியேற்ற நாடுகளுள் ஒன்றாயிருந்தது. அங்கே பேர்லிங்டன் நகருக்கு அண்மையில், றாங்கோக்கஸ் ஆற்றோரத்துப் பண்ணைக் குடும்பமொன்றிலே 1720 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19 ஆந் திகதி வுல்மன் பிறந்தார். அவர் பெற்றோர் நண்பர் சபையைச் சேர்ந்தவர்கள். பிறர் அச்சபையாரைக் குவேக்கர் என்றழைத்தனர். 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரின் போதனையால் எழுந்தது அச்சபை. ஒவ்வொரு மனிதனின் உள்ளத்திலும் கடவுளின் ஒளி உண்டென்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. அவர்தம் வழிபாட்டிலே குருவும் இல்லை, பீடமும் இல்லை. யாவரும் மௌனமாக அமர்ந்திருப்பர். உள்ளத்திலே ஏவுதல் பெற்றவர் எழுந்து சில சொற்கள் கூறுவர். அவர்கள் போர் செய்யார், சத்தியம் செய்யார், செல்வர்முன் தொப்பியைக் கழற்றார். இக்கொள்கைகளுக்காக இங்கிலாந்திலே சிறையும் சவுக்கடியும் பட்டவர்கள், வில்லியம் பென் என்பவர் நிறுவிய பென்சில்வேனியாவிலும் அயற் குடியேற்றங்களிலும் வந்து தஞ்சம் புகுந்தனர்.

எல்லா மனிதரிடத்தும் தெய்வ ஒளி உண்டென்று கூறிய அச்சபையார் ஆபிரிக்க மக்களை விலைக்கு வாங்கி அடிமைகளாக வைத்திருந்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. வில்லியம் பென்னிடமும் அடிமைகள் இருந்தனர். 1688 ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாவின் ஜேர்மன்ரவுன் என்னும் ஊரில் நால்வர் கையொப்பமிட்டு இவ்வழக்கத்தைக் கண்டித்து ஒரு விண்ணப்பம் வரைந்தனர். அது ஒரு சபைக் கூட்டத்திலிருந்து மற்றொரு கூட்டத்துக்கு அனுப்பப்பட்டு, இறுதியில் முடிவின்றிக் கிடப்பிலே போடப்பட்டது. ஆகவே, இது பிழை என்று எவரும் அறியாதிருந்தனர் என்பதற்கில்லை. அறிந்த ஒன்றை நாளாந்த வாழ்வுக்குள் வரவிடாது வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தனர்.

வுல்மன் தம் வாழ்க்கையைத் தாமே நாட்குறிப்பு வடிவில் எழுதி வைத்தார். அதிலே அவர் நினைவுகூரும் இளமை நிகழ்ச்சி ஒன்று சிறியதாயினும் பொருள் பொதிந்தது. சிறுவனாயிருந்தபோது ஒருநாள் வழியிலே கூடொன்றில் தாய்க்குருவி குஞ்சுகளைக் காத்து அங்குமிங்கும் பறப்பதைக் கண்டான். விளையாட்டாகக் கல்லெறிந்தான், குருவி செத்து வீழ்ந்தது. முதலில் மகிழ்ச்சி, சில நிமிடங்களிலே திகில். தாயின்றிக் குஞ்சுகள் பட்டினியால் துடித்துச் சாகும் என்றெண்ணி, மரத்திலேறி அவற்றையும் தன் கையாலேயே கொன்றான். ஒரு கொடுமை செய்தவன், இரக்கத்தின் பெயராலும் இன்னொரு கொடுமை செய்யவேண்டியதாயிற்று. அன்று எவரும் அவனைத் தண்டிக்கவில்லை, எவரும் கண்டதுமில்லை. ஆயினும் அவன் நெஞ்சு அவனை விடவில்லை. உயிர்கள்பால் இரங்குமாறு ஏவுகின்ற ஏதோ ஒன்றைக் கடவுள் மனித உள்ளத்திலே வைத்திருக்கிறார் என்றும், அதற்குச் செவிகொடாதவன் நாளடைவிலே உணர்வு மரத்துப்போகிறான் என்றும் பிற்காலத்தில் அவர் இந்நிகழ்ச்சிக்குப் பொருள் கண்டார். கிருபை என்னும் சொல்லுக்கு அவர் கொண்ட விளக்கம் இங்கே தொடங்குகிறது எனலாம்.

இருபத்தொரு வயதிலே வுல்மன் பண்ணையை விட்டு, மவுண்ற் ஹொலி என்னும் சிற்றூரிலே கடையும் வெதுப்பகமும் நடத்திய ஒருவரிடம் கணக்கெழுதும் வேலைக்கு அமர்ந்தார். ஏறக்குறைய 1742 ஆம் ஆண்டளவில், முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண்ணொருத்தியை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டு எழுதும்படி வுல்மனுக்குப் பணித்தார். வாங்குபவர் பக்கத்திலே காத்து நிற்கிறார். கட்டளையோ திடீரென வந்தது. தம்மைப்போன்ற ஓர் உயிரை விற்கும் ஆவணத்தைத் தம் கையால் எழுதுவதா என்று வுல்மனின் உள்ளம் நடுங்கியது. ஆனால், அவர் ஆண்டுச் சம்பளத்துக்கு இருப்பவர், கட்டளையிட்டவர் முதலாளி, வாங்குபவரோ அவருடைய சபையையே சேர்ந்த முதியவர். தயங்கினார், பின்னர் எழுதிக் கொடுத்தார். எழுதியபின், அடிமை வைத்திருத்தல் கிறிஸ்தவ சமயத்துக்கு ஒவ்வாத செயலென்று தாம் நம்புவதை இருவர் முன்னிலையிலும் கூறினார். அவ்வாறு கூறியது நெஞ்சின் பாரத்தைச் சிறிது குறைத்ததே ஒழிய, எழுதிய எழுத்தை அழிக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. சில காலத்தின்பின் சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இத்தகைய ஆவணமொன்றை எழுதுமாறு கேட்டபோது, வுல்மன் அன்போடு மறுத்துவிட்டார்.

இந்நிகழ்ச்சியிலே கருதத்தக்கது ஒன்றுண்டு. வுல்மனிடம் கேட்கப்பட்டது கொலையும் அன்று, களவும் அன்று. நாட்டுச் சட்டம் அனுமதித்த எழுத்துவேலை ஒன்றுதான். உலகின் பெருங்கொடுமைகள் பல இவ்வாறே சிறுசிறு வேலைகளாகப் பங்கிடப்பட்டு நடைபெறுகின்றன. கப்பலோட்டி கப்பலை ஓட்டுகிறான்; தரகன் விலை பேசுகிறான்; எழுத்தன் சீட்டு எழுதுகிறான்; வீட்டுக்காரன் சீனி வாங்குகிறான். ஒவ்வொருவனும் தன் பங்கு சிறியதென்று ஆறுதல் கொள்கிறான். முழுக் கொடுமையும் எவனுடைய கையிலும் இல்லை. ஆனால் அதைத் தாங்குகின்ற ஒருத்தியின் முதுகிலே அது முழுமையாக விழுகின்றது. தம் பங்கு சிறியதென்ற ஆறுதலை வுல்மன் ஏற்க மறுத்தார்.

1746 ஆம் ஆண்டிலே அவர் சபைத் தோழர் ஒருவருடன் மேரிலாந்து, வேர்ஜீனியா, வட கரோலினா ஆகிய தென்பகுதிகளுக்குப் பயணஞ் செய்தார். மூன்று திங்களில் ஏறக்குறைய 1,500 மைல் தூரம் குதிரைமேற் சென்றார். சென்ற இடமெங்கும் சபையார் அவரை அன்போடு விருந்தோம்பினர். ஆனால், அவ்விருந்தை விளைவித்தவர்களும் சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் அடிமைகள் என்பதை எண்ணியபோது அவருக்கு உணவு செல்லவில்லை. வீட்டார் தாமும் உழைத்து அடிமைகளை ஓரளவு நன்றாக நடத்திய இடங்களிலே அவர் மனம் சற்று ஆறுதலடைந்தது. தாம் சுகமாயிருந்து முழுப் பாரத்தையும் அவர்கள் தலையில் ஏற்றிய இடங்களிலே பெரிதும் வருந்தியது. வீடு திரும்பியதும் அடிமை வழக்கத்தை ஆராயும் கட்டுரையொன்றை எழுதினார். எழுதியதை உடனே அச்சிடாது பல ஆண்டுகள் வைத்திருந்தார். 1750 ஆம் ஆண்டிலே அவருடைய தந்தையார் மரணப் படுக்கையிற் கிடந்தபோது, அக்கட்டுரையை நினைவுகூர்ந்து, அதை வெளியிடுமாறு ஊக்கினார். 1754 ஆம் ஆண்டிலே சபையின் அங்கீகாரத்துடன் அது வெளிவந்தது. அடிமைக்கு நேரும் தீங்கோடு அது நின்றுவிடவில்லை. உழையாது உண்ணப் பழகிய அடிமைக்காரனின் பிள்ளைகளுக்கு நேரும் ஒழுக்கக் கேட்டையும் எடுத்துரைத்தது.

எழுத்தில் வல்லவராயிருந்தமையால் அயலவர் பலர் தம் மரண சாசனங்களை அவரைக்கொண்டே எழுதுவித்தனர். அது நல்ல வருவாய் தரும் தொழில். ஆனால் அடிமைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு எழுதும் சாசனங்களை எழுத அவர் ஒருப்படவில்லை. வருவாய் இழப்பதும் மதிப்புக்குரிய பெரியவர்களைப் புண்படுத்துவதும் தமக்கு எளிதாயிருக்கவில்லை என்பதை அவர் ஒளிக்காமற் குறித்துள்ளார். 1756 ஆம் ஆண்டிலே அயலவர் ஒருவர் பலத்த அடிபட்டு, இரத்தம் வாங்குவதற்காக வுல்மனை அழைப்பித்தார். அது அக்காலத்து வைத்தியமுறை. அது முடிந்ததும் தம் சாசனத்தையும் எழுதும்படி வேண்டினார். இன்ன சொத்து இன்ன பிள்ளைக்கு என்று கூறி வருகையில், தம் இளம் அடிமைப் பெண்ணை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதையும் கூறினார். வுல்மன் யாவற்றையும் குறித்துக்கொண்டு சென்றார். பின்னர், அப்பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றை எழுதிக் கொண்டுவந்து படுக்கையருகே வாசித்துக் காட்டினார். மனிதரை அடிமையாக்கும் வாசகத்தை எழுதத் தம் மனம் இடந்தராதென்றும், எழுதியவற்றுக்குக் கூலி வேண்டாமென்றும், எஞ்சியதை எழுதுவதினின்று தம்மை விடுவிக்குமாறும் பணிவோடு கேட்டுக்கொண்டார். இருவரும் நெடுநேரம் பேசினர். ஈற்றில் நோயாளி அப்பெண்ணை விடுதலை செய்ய இசைந்தார். வுல்மன் சாசனத்தை எழுதி நிறைவு செய்தார். உரத்த குரலில் ஒரு சொல் இல்லை, சாபமில்லை, அச்சுறுத்தலில்லை. ஒரு பேனை சிறிது நேரம் எழுதாமல் நின்றது. ஒருத்தியின் வாழ்க்கை மாறிற்று.

அதே 1756 ஆம் ஆண்டளவிலே அவர் எடுத்த பிறிதொரு முடிவு வியாபாரிகளை வியப்பிலாழ்த்தத் தக்கது. வுல்மன் தையற்றொழிலோடு சிறு கடையொன்றும் வைத்திருந்தார். ஆடைக்கு வேண்டிய சில்லறைப் பொருள்களில் தொடங்கிய அக்கடையிலே பின்னர் துணிவகைகளும் பிறவும் சேர்ந்தன. நேர்மையான கடையென்ற பெயரால் வாடிக்கை பெருகிற்று. பெருஞ் செல்வத்துக்கு வழி திறந்தது. அவரோ வியாபாரம் வளர்வதைக் கண்டு கவலையுற்றார். வியாபாரம் பெருகப் பெருக மனத்தின் அமைதி குன்றுவதை உணர்ந்தார். மக்கள் தம் வசதிக்கு மிஞ்சிய ஆடம்பரப் பொருள்களைக் கடனுக்கு வாங்குவதும், கடன் தீர்க்கமுடியாது நீதிமன்றம் ஏறுவதும், அக்கடனைத் தீர்க்கத் தம்மையும் பிறரையும் அளவுக்கு மீறி வருத்துவதும் அவர் கண்முன் நிகழ்ந்தன. வறியவர் வந்து விலையுயர்ந்த பொருளைக் கேட்டால், உதவக்கூடியதும் மலிவானதுமானதை வாங்குமாறு அறிவுரை கூறுவார். ஈற்றிலே கடையைப் படிப்படியாகக் குறைத்து, வாடிக்கையாளர் வேறு கடைகளைத் தேடிக்கொள்ளுமாறு முன்னரே அறிவித்து, அதனை முற்றாக விட்டுவிட்டார். தையலும் ஒரு சிறு அப்பிள் தோட்டமும் அவருக்கும், மனைவி சேரா எல்லிசுக்கும், மகளுக்கும் போதுமாயின. பேராசையே அடக்குமுறையின் வேர் என்று கண்டவர், அவ்வேரைப் பிறர் நிலத்திலே தேடுமுன் தம் நிலத்திலே தேடிப் பிடுங்கினார்.

1757 ஆம் ஆண்டிலே மீண்டும் தென்பகுதிக்குப் புறப்பட்டபோது, விருந்தோம்பல் பற்றிய பழைய வருத்தத்துக்கு ஒரு வழி கண்டார். அடிமைகளின் உழைப்பிலே இலவசமாக உண்பது, அவர்களைப் பிழிந்தெடுப்பதிலே தாமும் பங்குகொள்வதாகும் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே, சிறு வெள்ளி நாணயங்களை உடன் கொண்டுசென்றார். விடைபெறும்போது வீட்டுத் தலைவரைத் தனியே அழைத்து, தமக்குப் பணிசெய்த அடிமைகளுக்கு இதனைக் கொடுக்குமாறு கூறிச் சில நாணயங்களைக் கொடுப்பார். சில இடங்களிலே தாமே அவர்கள் கையிலே கொடுப்பார். செல்வர் வீட்டிலே விருந்துண்டுவிட்டு இவ்வாறு செய்வது எத்துணை இக்கட்டானதென்பதை யாவரும் உணரலாம். அவ்விக்கட்டை அவரும் உணர்ந்தார். எனினும், எதிர்பார்த்ததைவிட எளிதாகவே அது நிறைவேறியதென்றும், பெரும்பாலானோர் வெறுப்புக் காட்டவில்லையென்றும் எழுதியுள்ளார்.

இத்தகைய தனிமனித ஒழுக்கம் ஒரு சமூகத்தை மாற்றவல்லதா என்று ஐயுறுவோர், 1758 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடைபெற்ற சபையின் ஆண்டுக் கூட்டத்தை நோக்குதல் வேண்டும். அடிமைப் பிரச்சினை அங்கே விவாதத்துக்கு வந்தது. வெளிப்படையாக அடிமை முறையை ஆதரித்தவர் இல்லை. ஆனால், பொறுத்திருப்போம், கடவுள் காலப்போக்கிலே வழிகாட்டுவார் என்று பலர் கூறினர். நெடுநேரம் மௌனமாயிருந்த வுல்மன் எழுந்தார். அடிமைகளின் கூக்குரல் கடவுளின் செவியை எட்டிவிட்டதென்றும், சிலருடைய சொந்த நலனையும் நட்பையும் கருதிக் கடமையைத் தள்ளிவைக்கும் காலம் கடந்துவிட்டதென்றும் உருக்கமாக எடுத்துரைத்தார். அக்கூட்டத்திலே, அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபையின் நிருவாகக் கூட்டங்களிற் பங்குகொள்ளலாகாது என்று முடிவாயிற்று. அடிமை வைத்திருப்போரை வீடுவீடாகச் சென்று கண்டு பேசுவதற்கு ஒரு குழுவும் நியமிக்கப்பட்டது. வுல்மன் அக்குழுவில் ஒருவரானார்.

வுல்மன் தனித்து நின்றவரல்லர். அவருக்கு முன்னரே பெஞ்சமின் லே என்னும் கூனல் முதுகுடைய குவேக்கர் இக்கொடுமையைக் கண்டித்துத் தீப்பொறி பறக்கப் பேசினார். 1738 ஆம் ஆண்டிலே சபைக் கூட்டமொன்றிற்குச் சென்று, செந்நிறப் பழச்சாறு நிரப்பிய பையை ஒரு புத்தகத்துள் மறைத்து வைத்து, அதனை வாளாற் குத்தி, இரத்தம்போல் அச்சாற்றைச் சிந்தச் செய்தார். சபை அவரை விலக்கி வைத்தது. பிலடெல்பியாவிலே அந்தனி பெனசெற் என்னும் பள்ளியாசிரியர் கறுப்பினச் சிறுவர்க்குக் கல்வி புகட்டியும், நூல்கள் எழுதியும் பணிபுரிந்தார். லேயின் சினம் நியாயமான சினமே. ஆயினும், வீட்டு வாசலிலே வந்து, கண்கலங்கி, உம்முடைய ஆன்மாவும் இதனால் வருந்துகிறதன்றோ என்று கேட்ட ஒருவருக்கு முன்னால் கதவடைப்பது பலருக்கு இயலாததாயிற்று. தாமும் ஒருநாள் விற்பனைச் சீட்டு எழுதியவர் என்பதை வுல்மன் மறந்தாரில்லை. ஆதலால், எதிரேயிருப்பவனிடம் மேலிடத்தில் நின்று பேச அவரால் இயலவில்லை.

அவ்வாறு தம்மை மன்னியாத இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. காலஞ்சென்ற ஒருவரின் சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பு வுல்மனுக்கும் இன்னொருவருக்கும் கிடைத்தது. அச்சொத்துள் கறுப்பினச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவனை முப்பது வயதுவரை பணிசெய்யுமாறு விலைக்குக் கொடுத்தனர். வெள்ளைச் சிறுவர் இருபத்தொரு வயதிலே சுதந்திரம் பெறும் நாட்டிலே, இவன் மட்டும் மேலும் ஒன்பது ஆண்டு உழைப்பது எந்த நீதி? இவ்வெண்ணம் பல ஆண்டுகளின்பின் அவரைப் பெரிதும் வருத்தியது. ஒன்பது ஆண்டிலே தம் பங்கு நாலரை ஆண்டு என்று கணக்கிட்டார். அவ்விறுதி நாலரை ஆண்டுக்குரிய பெறுமதியை அவ்விளைஞனின் எசமானனுக்குத் தாமே செலுத்துவதாக 1769 ஆம் ஆண்டளவில் முறிச்சீட்டு எழுதிக் கொடுத்தார். மனம் வருந்துதல் என்பது கண்ணீரோடு முடிவதன்று, கணக்குத் தீர்க்கும் வரை செல்வது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அவருடைய போக்கிலே அயலவருக்கு விசித்திரமாகத் தோன்றியவையும் உண்டு. 1761 ஆம் ஆண்டு தொடக்கம் சாயம் தோய்க்காத ஆடைகளை அணியலானார். அடுத்த ஆண்டு உரோமத்தின் இயற்கை நிறமுடைய தொப்பியொன்றையும் அணிந்தார். சாயம் அழுக்கை மறைக்கிறதேயன்றிப் போக்குவதில்லை என்பது அவர் கருத்து. ஆடை தைத்துப் பிழைக்கும் ஒருவர் இவ்வாறு வெளிறிய உடையில் வருவதைக் கண்டு சபையாரிற் சிலரே கூசினர். தன்னை வேறுபடுத்திக் காட்ட விரும்புகிறார் என்று முணுமுணுத்தனர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த றம் சாராயத்தையும், சீனியையும், சீனிப்பாகையும் அவர் ஒருகாலத்திலே தம் கடையில் விற்றவர். அப்பொருள்கள் அடிமைகளின் உழைப்பால் விளைந்தவை என்பதைச் சிந்தித்தபின், அச்சீனியை உண்பதையும் விட்டார். ஒரு மனிதன் சீனி உண்ணாமையால் கரும்புத் தோட்டம் மூடப்படுமா என்று கேட்பது எளிது. அவர் தோட்டத்தை மூடுவதாக எண்ணவில்லை. தம் நாவின் இனிமைக்காக இன்னொருவன் துன்புறுவதை அறிந்தபின், அவ்வினிமை அவருக்குக் கசந்துவிட்டது.

1770 ஆம் ஆண்டிலே கடும் நோய்வாய்ப்பட்டிருந்தபோது அவர் ஒரு தரிசனம் கண்டதாகக் குறித்துள்ளார். துன்புறும் மக்கள் எல்லாரும் திரண்ட கருநிறத் திரளொன்று தோன்றிற்றாம். தாமும் அதனோடு கலந்துவிட்டதாகவும், தம் பெயரையே மறந்துவிட்டதாகவும் உணர்ந்தாராம். பின்னர், கிறிஸ்தவர் எனப்படுவோருக்காகச் சுரங்கத்திலே செல்வம் தோண்டும் ஏழை மக்களிடம் கொண்டுசெல்லப்பட்டார். அம்மக்கள் கிறிஸ்துவின் பெயரைப் பழித்தனர். தம்மை வதைப்போர் கிறிஸ்துவின் சீடர்கள் என்றால், அக்கிறிஸ்து எத்துணைக் கொடியவராயிருத்தல் வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். இத்தரிசனத்தை எவ்வாறு விளக்கினும், அதன் கருத்து வெளிப்படை. ஒரு சமயத்தின் பெயரை உலகம் அறிவது அதன் வேதநூலாலன்று. அதனைச் சார்ந்தோர் கூலி கொடுக்கும் முறையாலும், விலை கேட்கும் முறையாலும், வேலை வாங்கும் முறையாலுமே ஆகும்.

1772 ஆம் ஆண்டு மே மாதத்திலே வுல்மன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மேற்றட்டு அறையிலே வீணான சிற்ப அலங்காரங்கள் இருந்தமையால், அதனைத் தவிர்த்துக் கப்பலோட்டிகளோடு கீழ்த்தட்டிலே பயணஞ் செய்தார். அங்கே காற்றோட்டமின்மையையும், கடற்றொழில் பழகும் சிறுவர்கள் படும் பாட்டையும் நேரிற் கண்டார். ஜூன் மாதம் 8 ஆந் திகதி இலண்டனை அடைந்து, அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்தே சென்றார். கடுகி ஓடும் பயண வண்டிகளிலே குதிரைகள் ஓடியோடியே மாள்வதையும், குளிர்காலத்திலே தபாற் சிறுவர்கள் விறைத்துச் சாவதையும் கேள்வியுற்று, அவ்வண்டிகளில் ஏற மறுத்தார். தமக்கு அவ்வழியாகக் கடிதம் அனுப்பவேண்டாமென்றும் நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். வழிநெடுகத் தொழிலாளரின் நாட்கூலியையும் தானியத்தின் விலையையும் விசாரித்துக் குறித்துவைத்தார். யோர்க் நகரை அடைந்தபோது பெரியம்மை நோய் அவரைப் பற்றிக்கொண்டது. அந்நிலையிலும், தம் பெட்டியை ஓக் மரத்தாற் செய்யாது ஆஷ் மரத்தாற் செய்யுமாறும், ஓக் மரம் வேறு தேவைகளுக்குக் கூடுதலாகப் பயன்படுமென்றும், தம் ஆடைகளைக் கொடுத்து அடக்கச் செலவைத் தீர்க்குமாறும் கூறினார். 1772 ஆம் ஆண்டு ஒக்டோபர் 7 ஆந் திகதி, தம் ஐம்பத்தோராம் வயதில், யோர்க்கிலே காலமானார்.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகளில், 1776 ஆம் ஆண்டிலே, பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சபையினின்று நீக்குவதென்று தீர்மானித்தது. 1780 ஆம் ஆண்டிலே பென்சில்வேனியா அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றிற்று. 1787 ஆம் ஆண்டிலே இலண்டனில் அடிமை வியாபாரத்தை எதிர்க்க அமைந்த குழுவினர் பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர்கள். 1807 ஆம் ஆண்டிலே பிரித்தானியா அவ்வியாபாரத்தைத் தடைசெய்தது. 1833 ஆம் ஆண்டிலே பேரரசின் பெரும்பகுதியிலே அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தில் இலங்கை அடங்கவில்லையாதலால், இங்கே 1844 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒரு கொடிய உள்நாட்டுப் போரின்பின், 1865 ஆம் ஆண்டிலேதான் அவ்வழக்கத்தை முற்றாக நீக்கின. இவை யாவும் ஒரு தையற்காரரால் நிகழ்ந்தன என்பது மிகையாகும். தம் விடுதலைக்காகப் போராடிய அடிமை மக்களும், சட்டமன்றங்களில் வாதாடியோரும், எழுத்தாளரும் எனப் பலர் இதற்கு உழைத்தனர். அடிமைகளை விடுவித்த குவேக்கர்களும், விடுதலை பெற்றோரைத் தம் வழிபாட்டு மண்டபத்திலே தனி வாங்கிலே இருத்தினர் என்பதையும் கூறாது விடலாகாது. ஒரு கதவு திறந்த பின்னும் உள்ளே வேறு கதவுகள் பூட்டியே கிடந்தன. ஆயினும், தங்கள் உறுப்பினர் அடிமை வைத்திருப்பதைக் கிறிஸ்தவ சபையொன்று முற்றாகத் தடைசெய்த அச்செயல் காலத்துக்கு மிக முந்தியது. அதற்கு நிலம் பண்படுத்தியவருள் வுல்மன் முதன்மையானவர் என்பதில் ஐயமில்லை.

கிருபையா, நற்செயலா என்னும் பழைய வினாவுக்கு அவருடைய வாழ்வு தரும் விடை யாது? தம் நற்செயல்களுக்குக் கூலியாகக் கடவுளின் அன்பு கிடைக்குமென்று அவர் எண்ணியதில்லை. தமக்குள் எழுந்த அந்த நடுக்கத்தையே கடவுளின் கொடையாகக் கருதினார். பிறன் துன்பத்தைக் கண்டு நெஞ்சு நோவதே கிருபை. அந்நோவை மறைத்துவிடாது அதன் வழியே நடப்பது விசுவாசம். அந்நடையிலே கைகள் செய்வனவும் செய்ய மறுப்பனவும் ஒழுக்கம். மூன்றும் ஒரே நூலின் இழைகள். ஒன்றை உருவினால் ஏனையவும் தளர்ந்துவிடும். நெஞ்சு நோகாத ஒழுக்கம் பிறரைக் குற்றம் காணும் கடுமையாக முடியும்; கையிலே வந்து சேராத விசுவாசம் தாழ்ந்த தராசுத் தட்டாக முடியும்.

இக்காலத்திலே மனிதரை விற்கும் சீட்டை எழுதுமாறு எந்த எழுத்தனையும் வெளிப்படையாக எவரும் கேட்பதில்லை. ஆனால், உண்மையல்லாத ஒரு கணக்குக்குக் கையொப்பமிடும்படியும், கூலியைக் குறைத்தெழுதும்படியும், ஏழையின் உறுதியிலே ஒரு வரியை மாற்றும்படியும் கேட்கப்படுவோர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். கட்டளை திடீரென வரும். முதலாளி எதிரே நிற்பார். வந்தவர் பக்கத்திலே காத்திருப்பார். மவுண்ற் ஹொலியிலே வுல்மன் முதல்முறை தவறினார். இரண்டாம் முறை மறுத்தார். தவறியவருக்கும் இரண்டாம் முறை ஒன்று வரும் என்பது அவர் வரலாறு தரும் ஆறுதல். அது வரும்போது ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது அது தரும் எச்சரிக்கை.